இன்டர்ன்தானே என்று சொன்ன மகனுக்கு

மகேஷ்,

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட அழைப்பிதழைப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை செம்பூர் கல்லூரியில் நீதான் சிறப்பு விருந்தினர். பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு மாணவர்களை இன்டர்ன்ஷிப் மூலமாக எப்படித் தயார் செய்வது என்று ஒரு மணி நேரம் பேசப் போகிறாய். நடுவில் உன் படம். கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். சித்தப்பா கைதட்டுகிற பொம்மையாக வரிசையாகப் போட்டுத் தள்ளினார். அத்தை ஊரிலிருந்து பூங்கொத்து அனுப்பினாள். உன் அப்பா எந்தச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்கலாம் என்று அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பாத்தியா?" என்று தனியாக ஒரு செய்தி அனுப்பினாய். பார்த்தேன். அதற்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளமாக இருக்கும்.

தமிழில் எழுதுகிறேன். உனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலைப்போல மேலிருந்து கீழே கண்ணை ஓட்டிவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போக இதில் முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதான் போக வேண்டும், நில். நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில், எழுதத் தெரியாத பெண்கள் ஊருக்குக் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள் இந்தச் சந்தில் அன்றைக்கு நான் ஒருத்திதான். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதை நான் நயமாக மாற்றி எழுதிக் கொடுப்பேன். இன்று எழுதுவது என்னுடைய கோபம், அதனால் நயம் எதையும் எதிர்பார்க்காதே. உறையையும் ஒட்டப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கோபர்கைரனேயில் உன் வீடு வருகிறவரை ரயிலில் அவர் படிக்கட்டும். உன் வீட்டில் உன் மனைவி படிக்கட்டும். யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபோனில் கௌசல்யாவைப் பற்றிப் பேசினேன். உன்னிடம் மூன்று மாதம் இன்டர்னாக இருந்த பெண். நீ இப்போது பேசப் போகிற அதே கல்லூரியில் படிக்கிறவள். நீ எழுதிக் கொடுத்த அறிக்கையால் அவள் ஒரு வருடத்தை இழக்கப் போகிறாள் என்று சொன்னேன். நீ ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "இன்டர்ன்தானேம்மா" என்றாய். அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. மூன்று நாளாக மாவு அரைக்கும்போதும் சட்னி தாளிக்கும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையில் நீ சேர்ந்த அன்று உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டில் எல்லாம் கேட்கிறார்கள், பிராடக்ட் மேனேஜர் என்றால் என்ன வேலை என்று நான் என்ன சொல்வது என்று கேட்டேன். நீ தரையில் உட்கார்ந்து ஓர் இட்லித் தட்டைக் கையில் எடுத்தாய். "இந்தத் தட்ட செஞ்சவனுக்கு இட்லி அவிக்கிற ஆளோட கஷ்டம் என்னன்னு தெரியணும்லம்மா. அத நேர்ல போய்க் கேட்டு, செய்றவங்ககிட்ட வந்து சொல்லி, சரியா செய்ய வைக்கணும். அதாம்மா என் வேல" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகனுக்கு அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கிற வேலை என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டுச் செல்வி, "எக்கா, அப்போ உம்ம மவன் சோசியக்காரனா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் அவளோடு ஒருநாள் பேசவில்லை.

நீயும் இன்டர்னாக இருந்தவன்தான். மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் போனாய். காலையில் டை கட்டிக்கொண்டு போவாய், சாயங்காலம் வாடிப்போய் வருவாய். யாரும் எதையும் சொல்லித்தரவில்லை, ஒரு பட்டியலைக் கொடுத்து ஃபோன் போட்டுக்கொண்டே இரு என்கிறார்கள் என்பாய். கடைசி வாரம் ஒரு மீட்டிங்கில் நீ கை தூக்கியிருக்கிறாய். அவர்கள் ஆப்பில் முகவரி எழுதுகிற இடத்தில் கட்டடத்தின் பெயரைப் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாதாம். "சார், எங்க ஏரியால பில்டிங்கே கிடையாது. அங்க இருக்கவங்க எப்படிப் போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறாய். அந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே, நம் கஸ்டமர்கள் பில்டிங்கில்தான் இருக்கிறார்கள், நீ முதலில் வேலையைக் கற்றுக்கொள் என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நான் உன்னிடம் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "வாய மூடிட்டுப் போயி அந்த சர்டிபிகேட்ட வாங்கிட்டு வாய்யா. நமக்கு எதுக்கு வம்பு?" என்றேன். தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். பயம்தான் காரணம். இந்தச் சந்திலிருந்து ஒருவன் கோட்டு போட்ட ஆபீஸுக்குள் காலை வைத்திருக்கிறான், கை தூக்கிக் கேள்வி கேட்டு அதைக் கெடுத்துக்கொள்வானே என்ற பயம். நீ சரியாகச் சொன்னாய், அந்த ஆள்மேல்தான் தப்பு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் நீ வாயை மூடிக்கொண்டு போனாய், சர்டிபிகேட்டையும் வாங்கி வந்தாய், அதை நான் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். இன்றைக்கு நீ அந்த மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதே சிரிப்பைச் சிரிக்கிறாய் என்றால், அதில் என் பங்கும் இருக்கிறது. கோபத்தில் பாதி என்மேல்தான். மீதிப் பாதி உன்மேல், அதை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

இனி நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். ஃபோனில் அரைகுறையாகச் சொன்னேன், நீ முழுதாகக் கேட்கவில்லை. உங்கள் கம்பெனியின் ஆப் எங்களுக்காகச் செய்தது. வீட்டில் இட்லி, வடை செய்து விற்கிறவர்கள் அரிசியும் உளுந்தும் ஃபோனிலேயே சொன்னால் மதியத்துக்குள் வாசலுக்கு வந்துவிடும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. அதை முதலில் நம் பகுதியில்தான் கொடுத்துப் பார்த்தீர்கள். பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்க உன் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் என்று நீ ஃபோன் செய்து சொன்னாய். "சும்மா சர்வேதாம்மா, நாலு கேள்வி கேப்பாங்க" என்றாய். எனக்கு அது சும்மாவாகத் தெரியவில்லை. என் மகன் பரீட்சை எழுதுகிறான், நாங்கள் எல்லாரும் சேர்ந்து மார்க் போட வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது.

அதனால் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "நம்ம பய கம்பெனில இருந்து வாராவ. என்ன கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லுங்க. எதாவது குறை சொல்லி அவன் வேலைக்கு உலை வச்சிராதீங்க" என்று சொன்னேன். உன் அப்பா, தன்னைப்போலச் சைக்கிளில் இட்லி விற்கப் போகிறவர்களிடம் சொன்னார். வந்தவர்கள் ஆண்களை மட்டும் நிறுத்திக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் சூப்பர், பஹுத் படியா, ரொம்ப அருமை, இது வந்த பிறகுதான் நிம்மதி என்று ஒப்பித்தார்கள். ஒருவர் உன்னைப் பற்றி, சின்ன வயசிலிருந்தே நல்ல பையன் என்றுகூடச் சொன்னார். அதையும் அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

உண்மை இதுதான். காலை ஏழு மணிக்கு உன் ஆப்பில் மணி அடிக்கும். ஒன்பதுக்குள் இன்றைக்கு எவ்வளவு வேண்டும் என்று அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் ஆப் இருக்கிற ஃபோன் யாரிடம் இருக்கிறது? அப்பாவிடம். அப்பா எங்கே இருக்கிறார்? மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தட்டுமாக, ரயில் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இட்லி வைத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு அரிசி ஊறப்போட வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் இல்லை, நான். அதையும் நான் ஏழு மணிக்குத் தீர்மானிக்க முடியாது. பதினொன்றரை மணிக்கு அவர் திரும்பி வந்து, பாத்திரத்தைத் திறந்து, எத்தனை மிச்சம் என்று பார்த்து, வானத்தையும் ஒருமுறை பார்த்துத்தான் தீர்மானிப்பேன். இங்கே எந்த வீட்டிலும் இப்படித்தான். அந்த நேரத்தில் நீ எப்போதும் பள்ளிக்கூடத்தில் இருப்பாய், பார்த்திருக்க மாட்டாய். அதனால் அது தெரியாமல் போனதை உன் குற்றமாக நான் சொல்லவே மாட்டேன்.

சர்வேக்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று கேள். உன் பெயர் கெடக் கூடாது என்று அப்பா தினமும் ஏழு மணிக்குத் திரையைச் சரியாகப் பார்க்காமலே ஐந்து கிலோ என்று அழுத்திவிடுவார். மற்றவர்களும் அப்படியே. வருவது போதாவிட்டால் நான் முனைக்கடையில் வாங்கிக்கொள்வேன், கூடிப்போனால் டின்னில் போட்டு வைப்பேன். அந்த டின்னில் இரண்டு தரம் வண்டு வைத்தது. உன் கம்ப்யூட்டரில் இதெல்லாம் தாராவி மக்கள் தினமும் தவறாமல் ஆப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்திருக்கும். அதை வைத்து உனக்குப் பதவி உயர்வு வந்தது. நீ லட்டு வாங்கி வந்தாய், நான் சந்து முழுக்கக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கௌசல்யா வந்தாள். கல்லூரி அனுப்பிய எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தார்களாம். இவளுக்குத் தமிழ் பேச வரும் என்பதால் இவளை மட்டும் தாராவிக்கு அனுப்பினாய். முதல் நாள் வந்தபோது வழக்கம்போல நான், ஆப் பிரமாதம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் திரும்பி வந்தாள், இந்தமுறை பதினொன்றரை மணிக்கு. அவளுக்கு அந்த நேரத்தை யாரும் சொல்லவில்லை. முதல் நாள் போகும்போது தெருவில் ஆண்களே இல்லாததைப் பார்த்து, அவர்கள் எப்போது வருவார்கள் என்று குழாயடியில் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். வாசலில் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா பாத்திரத்தை இறக்கினார், நான் திறந்தேன், மிச்சம் நிறைய இருந்தது. அரிசியைக் குறைத்து அளந்து போட்டேன்.

"ஆன்ட்டி, காலைலயே அஞ்சு கிலோ ஆர்டர் போட்டாச்சே. இப்ப ஏன் கம்மி பண்றீங்க?" என்றாள்.

"அது ஒண்ணுமில்ல பிள்ள. ஆப்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"யாருக்கு நல்லாருக்கு ஆன்ட்டி?"

அரிசிப் படியைக் கீழே வைத்தேன். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மகேஷ் சார் உங்க பையன்னு எனக்குத் தெரியும். நீங்க சாருக்காகச் சொல்றீங்க. ஆனா சச், உண்மை தெரியலன்னா சாருக்குத்தான் நுக்சான், நஷ்டம், ஆன்ட்டி. நாளைக்கு வேற ஏரியால இதே மாதிரி போடுவாங்க. அங்க யாரும் சாருக்காக அழுத்த மாட்டாங்க."

இருபது வயதுப் பிள்ளை. அவளுடைய அப்பா வாஷியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். உன் தலைக்கு வரப்போகிற இடியை உனக்கு முன்னால் அவள் பார்த்தாள், உனக்காகக் கவலையும் பட்டாள். நான் அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சர்வேக்கு ஆள் பிடித்ததை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. நானே அவளை மற்ற வீடுகளுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் பேசினோம். எல்லாம் முடிந்த பிறகு ஒன்று கேட்டேன்: "எங்க பேர மட்டும் போட்டுராத பிள்ள. அவன் மனசு சங்கடப்படும்." அவள் உடனே, "பிராமிஸ் ஆன்ட்டி" என்றாள்.

அந்தப் பிராமிஸ்தான் அவளைக் கவிழ்த்தது. அவள் எழுதிக் கொடுத்ததை நீ ஏழு பிள்ளைகளுக்கு முன்னால் பிரித்து வைத்துக்கொண்டு, இந்தப் பத்துப் பெண்கள் யார், பெயர் என்ன என்று கேட்டாய். அவள் சொல்லவில்லை. பெயர் இல்லாத ஆட்கள், முன்பு எடுத்த சர்வேக்கு நேர் எதிரான பதில்கள், நீயே உட்கார்ந்து எழுதிய கதையா என்று கேட்டாய். அப்போதும் அவள் சொல்லவில்லை. வேலை திருப்தியில்லை, தகவல்கள் நம்பும்படி இல்லை என்று கல்லூரிக்கு எழுதி அனுப்பினாய். போன திங்கட்கிழமை நான் கொடுத்த டிபன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வாசலில் நின்றபடியே அவள் முதலில் சொன்னது, "ஆன்ட்டி, உங்க பேர நான் சொல்லல" என்பதுதான். என்ன நடந்தது என்பதே அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. இந்த இன்டர்ன்ஷிப் தேறாவிட்டால் அவள் அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டும். பொய்யாக எழுதுகிறவள் என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்த பிள்ளையை எந்தக் கம்பெனி இந்த வேலைக்குக் கூப்பிடும்? சொல்லு, நீ கூப்பிடுவாயா?

செவ்வாய்க்கிழமை உன்னைக் கூப்பிட்டு, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி நான், மற்ற ஒன்பது பேரை அழைத்துப் போனதும் நான் என்று சொன்னேன். சரி, பிள்ளை நொந்துபோய்விட்டான், இப்போது சரிசெய்துவிடுவான் என்று காத்திருந்தேன். நீ பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "அம்மா, அந்த சர்வேய வச்சுதான் எனக்கு புரமோஷனே குடுத்தாங்க. இப்ப அது தப்புன்னு நானே போய்ச் சொன்னா என் நிலைமை என்ன? ரிப்போர்ட் போயாச்சு. இன்டர்ன்தானேம்மா, அடுத்த செமஸ்டர் வேற எங்கயாவது பண்ணிக்குவா. உன் பேரு வெளிய வராம பாத்துக்கோ. சோடு, விடு."

என் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! நான் என்ன திருடியா? இருபத்தெட்டு வருடம் இந்தக் கையால் மாவு அரைத்து உன்னைப் படிக்க வைத்தவள் என்று மேடையில் சொல்வதற்கு மட்டும் நான் வேண்டும். போன வருடம் ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசி நீ கைதட்டல் வாங்கிய வீடியோவை நீயேதான் அனுப்பினாய். அரிசி ஊறப்போடுகிற நேரம் எனக்குத்தான் தெரியும் என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தால் மட்டும் நான் பெயரில்லாத, நம்ப முடியாத ஆளாகிவிடுகிறேன். உனக்குக் கதை சொல்ல ஓர் அம்மா வேண்டும், ஆனால் அவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் அது உனக்குத் தகவல் இல்லை.

இந்த இன்டர்ன்ஷிப் என்கிற ஏற்பாட்டையே எனக்கு இப்போது கண்டால் ஆகவில்லை. கல்லூரி, இத்தனை மணி நேரம் எங்காவது போய் வா, தாளில் கையெழுத்து வாங்கி வா என்று பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறது. கம்பெனி எட்டுப் பேரை மந்தையாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள், அந்த ஆளுக்கும் நேரம் கிடையாது. அந்த மூன்று மாதத்தில் நீ அவளோடு தனியாக உட்கார்ந்து பேசியது இரண்டே தடவையாம், அவள் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருநாள், ஒரே ஒருநாள், நீ அவளோடு தாராவிக்கு வந்திருந்தால் என்ன? உன் அம்மா வீடு இருக்கிற இடம்தானே, வழி தெரியாதா? வந்து அந்தக் கவிழ்த்த டின்னுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யார் பெயரும் தேவைப்பட்டிருக்காது. பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வது என்றால் கூடவே போய் நிற்பது. சைக்கிள் பழகுகிற பிள்ளைக்குப் பின்னால் நாம் ஓடுவது மாதிரி. நீங்கள் சைக்கிளையும் கொடுத்துவிட்டு, விழுந்ததும் வந்து பார்த்து, ஓட்டத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஓட்டத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. நீ எனக்கு இட்லித் தட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தாயே அந்த வேலை, அதை முழுசாகச் செய்தவள் உங்கள் ஆபீஸில் அவள் ஒருத்திதான். பெயரைச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். சார், அது உங்கள் அம்மாதான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உன் முகம் அங்கேயே செத்துப்போயிருக்கும். ஏழு பேருக்கு முன்னால் உன்னை அப்படி நிறுத்தக் கூடாது என்று நினைத்தாளோ, எனக்குக் கொடுத்த வாக்கை நினைத்தாளோ, தானே வாங்கிக்கொண்டாள். அவள் உன்னைக் காப்பாற்றினாள் மகேஷ். நீ அவளுக்குச் செய்தது என்ன?

இனி நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வியாழக்கிழமை அரிசியை ஊறப்போட்டுவிட்டு, செல்வியையும் இன்னொரு அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்துச் செம்பூர் கல்லூரிக்குப் போனேன். இன்டர்ன்ஷிப் பொறுப்பில் இருக்கிற பேராசிரியர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். நான் தமிழில் எழுதியதைச் செல்வியின் மகள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். முதல் சர்வேயில் எல்லாரையும் பொய் சொல்ல வைத்தது நான், கௌசல்யா எழுதியதுதான் உண்மை, எங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டதும் நாங்கள்தான் என்று அதில் இருந்தது. கீழே பத்துப் பேர் எங்கள் பெயரைத் தமிழில் முழுசாகக் கையெழுத்துப் போட்டிருந்தோம். என் கையெழுத்துதான் முதலில். அப்பாவுக்குப் போகும்வரை சொல்லவில்லை. வந்து சொன்னதும் இட்லிப் பாத்திரத்தைக் கழுவி முடித்தார். பிறகு, "நீ செஞ்சது சரிதான். ஆனா அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னு தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை.

பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள். போகும்போது பஸ்ஸில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. உன் புரமோஷன் போனால் நான் அழுவேன், பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குத்தான் ஒருதரம் உன் வாயை மூடச் சொன்னேன், இன்னொருதரம் சந்து முழுக்கப் பொய் சொல்ல வைத்தேன். மூன்றாவது தரமும் அதையே கேட்டு நடந்தால், பஸ் ஓட்டுகிற ஒருவருடைய பெண்ணின் வருடத்தைத் தூக்கி உன் காலடியில் போட்டதாக ஆகும். அதை என்னால் செய்ய முடியவில்லை.

உனக்கு வழி அடைத்துப்போகவில்லை. உன் பெரிய மேனேஜரிடம் போய், நம் சர்வே தப்பு, என் வீட்டு ஆட்களே என்மேல் இருந்த பாசத்தில் பொய் சொன்னார்கள், அதைக் கண்டுபிடித்தது நம் இன்டர்ன் என்று சொல். என்னையும் குற்றவாளியாகக் காட்டு, நான் வந்து நிற்கிறேன். மணி அடிக்கிற நேரத்தை மதியத்துக்கு மாற்றுங்கள், வீட்டில் இருக்கிற ஃபோனிலும் அடிக்க வையுங்கள், அது உங்களுக்குப் பெரிய வேலையா? அப்புறம் சனிக்கிழமை அந்த மேடையில் ஏறி, வேறு எதையும் சொல்லாமல் இந்த ஒன்றை மட்டும் சொன்னால் போதும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைப் பற்றி அதைவிட உருப்படியாகச் சொல்ல உன்னிடம் எதுவும் இல்லை.

பேராசிரியர் அம்மா தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் அவருடைய அம்மாவா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். உடனே கம்பெனிக்கு ஃபோன் செய்து அறிக்கையைத் திருப்பி வாங்கச் சொல்கிறேன் என்று ஃபோனைக் கையில் எடுத்தார். நான்தான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். திங்கட்கிழமை பன்னிரண்டு மணி வரை பொறுங்கள் மேடம், என் மகன் நல்லவன், அவனே உங்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்வான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் ஃபோனைக் கீழே வைத்தார்.

உனக்காக ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் மகேஷ். இது இரண்டாவது பொய்யாகிவிடக் கூடாது.

அம்மா